கொலைக்குக் காரணம் கல்வெட்டில் இல்லை

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயரை அது சொல்கிறது. அவர்கள் பெற்றிருந்த பட்டங்களைச் சொல்கிறது. அவர்களுடைய நிலமும் உறவினர்களுடைய நிலமும் பறிமுதலாகிக் கைமாறிய கதையைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கு அந்தத் தேவையும் இல்லை. நிலக்கணக்கைப் பதிந்துவைக்க வெட்டிய ஆவணம் அது.

இந்த இடைவெளியை வரலாற்றாசிரியர்கள் ஊகத்தால் நிரப்பப் பார்த்தார்கள். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மீது ஐயத்தைத் திருப்பினார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையை எழுதிய கல்கிக்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. வாரம் பிறந்தால் அத்தியாயம் அச்சுக்குப் போயாக வேண்டும். கொலையாளிகளுக்கு அவர் கொடுத்த காரணம் பழி: பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொண்ட கரிகாலனைப் பழி தீர்க்க, ஆபத்துதவிகள் எனப்படும் பாண்டிய மெய்க்காவலர்கள் போடும் சதி. இரவிதாசனுக்குக் கல்வெட்டு தரும் பட்டத்தில் 'பஞ்சவன்' என்ற பாண்டியப் பெயர் இருப்பது இதற்கு இடம் கொடுக்கிறது.

நாவலில் இந்தப் பழி இரண்டு பேரிடம் போய்ச் சேர்கிறது. ஒருவன் இரவிதாசன். ஆந்தைபோல் குரல் கொடுப்பான், காட்டில் கூட்டம் போடுவான், சபதம் செய்வான். முதல் அத்தியாயங்களில் என்ன நினைத்தானோ அதையே கடைசிவரை நினைக்கிறான். இன்னொருத்தி நந்தினி. அவளுக்கும் அதே பழிதான். அவள் கெஞ்சிக் கேட்டும் கேளாமல் அவள் கண்ணெதிரே கரிகாலன் வெட்டிய தலை அது. ஆனால் அந்தக் கரிகாலன் அவளைச் சிறு வயதிலிருந்து நேசித்தவன். கடம்பூர் மாளிகையில் அந்த இரவு வந்து, வாளும் கையில் இருக்கும்போது அவள் தடுமாறுகிறாள். விளக்கு அணைகிறது. கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை தெளிவாக்கவில்லை. வாசகர்கள் இன்றைக்கும் வாதாடுவது நந்தினியைப் பற்றித்தான். இரவிதாசனைப் பற்றி யாரும் வாதாடிக் கேட்டதில்லை.

காரணம் ஒன்றாக இருக்க, ஒரு பாத்திரம் உயிரோடு நடமாடுவதும் இன்னொன்று வேலையாளாக நின்றுவிடுவதும் எதனால்? நாவல் எழுதப் பழகுவோரிடம் பெரும்பாலும் சொல்லப்படும் அறிவுரை, 'உங்கள் பாத்திரத்துக்கு வலுவான ஒரு காரணம் கொடுங்கள்' என்பது. இரவிதாசனிடம் வலுவான காரணம் இருக்கிறது. போதவில்லை. ஒரு காரணம் செயலாக மாறும் வழியில் அந்த மனிதரிடம் எதை மிதித்துக்கொண்டு போகிறது என்பதைத்தான் வாசகர் தம்மை அறியாமல் கவனிக்கிறார் என்பது என் எண்ணம். மிதிபட எதுவும் இல்லையென்றால் எவ்வளவு பெரிய காரணமும் வெறும் தகவலாகவே நிற்கும்.

காரணத்தைப் பற்றி யோசிப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்கிறது. கோபத்துக்கு அது தரும் நான்கில் உறுப்பைச் சிதைப்பதும் கொலையும் இருப்பதை எவரும் எதிர்பார்ப்பார்கள். குடியை இழிவுபடுத்துவதும் அலைக்கழிப்பதும் அவற்றுக்குச் சமமாக நிற்பதுதான் கூர்மை. ஆனால் அது பொதுப் பட்டியல், யாருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் காரணத்தைக் குறிப்பிட்ட ஓர் ஆளின் காரணமாக மாற்றுவது கவிஞனின் வேலை. அதைக் கம்பர் செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

வான்மீகத்தில் மந்தரை கைகேயியின் பிறந்தகத்திலிருந்து வந்த பணிப்பெண். மாடத்தில் ஏறுகிறாள், ஊர் அலங்காரத்தைப் பார்க்கிறாள், விசாரிக்கிறாள், கொதிக்கிறாள். எசமானிமேல் உள்ள விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அவளுக்கென்று எதுவும் இல்லை. மகாபாரதத்துக்குள் வரும் இராமகதை இந்தக் குறையை வேறு வழியில் தீர்த்தது: பிரமன் அனுப்பிய துந்துபி என்ற கந்தர்வப் பெண்தான் மந்தரையாகப் பிறந்தாள் என்றது. இது காரணம் சொல்வது ஆகாது; கேள்வியை மேலிடத்துக்குத் தள்ளிவிடுவது. கம்பர் எடுத்தது ஒரு சின்ன மண் உருண்டையை. சிறுவனாக இருந்த இராமன் விளையாட்டாக வில்லில் வைத்து அடித்த உண்டை கூனியான மந்தரையின் கூனில் பட்டது. ஆழ்வார் பாசுரங்களில் இந்தச் செய்தி ஏற்கெனவே உண்டு; அங்கே அது குழந்தையின் குறும்பு, பக்தன் ரசிக்கும் லீலை. கம்பர் அதே உண்டையைக் கூனியின் நினைவுக்குள் வைத்தார். அடித்தவன் மறந்துவிட்டான், ஊர் மறந்துவிட்டது, அடிபட்டவள் மறக்கவில்லை. ஒரு சாம்ராச்சியம் குலைவதற்கு இவ்வளவு அற்பமான காரணமா என்று தோன்றும். அந்த அற்பத்தனம்தான் அவளை நமக்குத் தெரிந்த ஆளாக்குகிறது. தெருவில் பிள்ளைகள் செய்த கேலியை நாற்பது ஆண்டு வயிற்றில் வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கைகேயியிடம் அவர் செய்தது இதைவிடக் கடினமானது. கூனியின் செய்தியைக் கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலை பரிசளிக்கிறாள். கூனி அதை எறிகிறாள். நாவை அறுக்காமல் விடுகிறேன், போ, என்கிற அளவுக்குக் கைகேயி சீறுகிறாள். அவளுக்கும் இராமன் மகன்தான். அந்த அன்பை இவ்வளவு உறுதியாக நாட்டிய பிறகுதான் கம்பர் கூனியைப் பேசவிடுகிறார். 'உன் மகன் அரசனாக வேண்டாமா' என்ற பொதுவான தூண்டிலோடு கூனி நிற்பதில்லை. நாளைக்கு உன் பிறந்தவீட்டார் வறுமையோடு வந்து நின்றால் கோசலையிடம் கேட்டு வாங்கியா கொடுப்பாய் என்று தொடுகிறாள். பிறகு அரசியலைத் தொடுகிறாள்: சீதையின் தந்தைக்கும் உன் தந்தைக்கும் ஆகாது; தசரதனுக்கு அஞ்சித்தான் சனகன் இதுவரை சும்மா இருக்கிறான்; நாளை மருமகன் அரசனானால் உன் தந்தையின் கதி என்ன? பேராசை பிடித்தவளாக இருந்தால் கைகேயிக்கு இவ்வளவு வாதம் தேவைப்பட்டிருக்காது. பிறந்தவீட்டின்மேல் பாசம் உள்ளவள் என்பதால்தான் இந்த வாதம் அவளிடம் எடுபடுகிறது. அவளுடைய நல்ல குணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கெட்ட காரியம் உள்ளே நுழைகிறது. பிறகு கம்பர் தேவர்களின் மாயையையும் சேர்த்துக்கொள்கிறார். காவிய மரபுக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். நாவலாசிரியருக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு முந்திய வாதம்வரை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஷேக்ஸ்பியர் எதிர்த்திசையில் போனவர். கம்பர் காரணத்தைச் சேர்த்தார் என்றால் இவர் கழித்தார். 'ஒதெல்லோ'வுக்கு மூலமான சிந்தியோவின் இத்தாலியக் கதையில் வில்லனுக்குத் தெளிவான காரணம் உண்டு: அவன் தளபதியின் மனைவியை விரும்பினான், அவள் கவனிக்கவில்லை, ஆசை வெறுப்பாகத் திரும்பியது. ஷேக்ஸ்பியரின் இயாகோவோ பதவி உயர்வு போனது என்கிறான், மனைவிமேல் சந்தேகம் என்கிறான், அடுத்த காட்சியில் இன்னொன்று சொல்கிறான். எதிலும் அவனே நிலைப்பதில்லை. இயாகோவின் தனிமொழிகளில் கோல்ரிட்ஜ் கண்டது, காரணமே இல்லாத கேடு தனக்கொரு காரணம் தேடி அலைவதை. லியர் மன்னன் கதையும் இப்படியே. 1605இல் அச்சான பழைய 'லியர்' நாடகத்தில் அன்புச் சோதனை ஒரு தந்திரம்: கடைசி மகள் 'உங்களை மிகவும் நேசிக்கிறேன்' என்று சொன்னதும், அப்படியானால் நான் சொல்பவனை மணந்துகொள் என்று அவளை மடக்க அரசன் போட்ட திட்டம். ஷேக்ஸ்பியர் அந்தத் திட்டத்தையே எடுத்துவிட்டார். அரசன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. மூலத்திலிருந்த முக்கியமான காரணத்தை வேண்டுமென்றே மறைப்பதால்தான் இந்த நாடகங்களில் ஆழம் கூடுகிறது என்று ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ஸ்டீபன் கிரீன்பிளாட் 2004இல் வாதிட்டார்.

வாதம் கவர்ச்சியானது. ஆனால் அதை நாவலுக்கு அப்படியே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மேடையில் ஒரு நடிகரின் உடம்பு இருக்கிறது. அவர் நிற்கும் நிலை, மூச்சு, கண் எல்லாம் சேர்ந்து சொல்லாத காரணத்தின் இடத்தை நிரப்பிவிடும். இந்தப் பாத்திரம் இந்தக் கணத்தில் என்ன வேண்டுகிறது என்று நடிகரைக் கேட்கச் செய்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பயிற்சி முறையே இதை நம்பித்தான் இருக்கிறது. நாவலில் சொற்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அங்கே காரணத்தை வெறுமனே எடுத்துவிட்டால் ஆழம் வராது. ஆசிரியர் யோசிக்கவில்லை என்றுதான் வாசகர் முடிவுகட்டுவார். மறைப்பதற்கு முன்னால் எழுதுபவரிடம் மறைக்க ஏதாவது இருந்தாக வேண்டும்.

இதை மிக விரிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. நாவல் உருவான விதத்துக்கு அவருடைய கடிதங்களும் குறிப்பேடுகளும் சாட்சி. 1865 செப்டம்பரில் அவர் வீஸ்பாடனில் இருந்தார். சூதாட்டத்தில் இழந்து விடுதிக்குக் கொடுக்கவும் காசில்லை. அங்கிருந்து பத்திரிகை ஆசிரியர் கட்கோவுக்கு எழுதிய கடிதத்தில் கதையைச் சுருக்கிச் சொல்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட மாணவன், கொடிய வறுமை, காற்றில் உலவும் அரைவேக்காட்டுக் கருத்துகள், வட்டிக்கடைக் கிழவியைக் கொன்று அந்தப் பணத்தில் தாயையும் தங்கையையும் காப்பாற்றும் எண்ணம். கடிதத்தில் காரணம் சுத்தமாக இருக்கிறது. அதன்படி எழுதியிருந்தால் வறுமை ஒருவனைக் கொலைகாரனாக்கிய கதை என்ற ஒரு வரியில் அடங்கியிருக்கும்.

எழுதத் தொடங்கியதும் அந்தச் சுத்தம் கலைந்தது. முதலில் தன்மையில், கொலைகாரன் தானே சொல்லும் வாக்குமூலமாக எழுதினார். நவம்பரில் எழுதியதை எரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். கடைசியில் படர்க்கைக்கு மாறினார். என் பார்வையில் இந்த மாற்றம் காரணத்தோடு நேராகத் தொடர்புடையது. தன் கதையைத் தானே சொல்லும் கொலைகாரன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், சொன்னதும் அது இறுகிவிடும். படர்க்கையில் அவன் சொல்வதையும் செய்வதையும் வேறுவேறாகக் காட்டலாம்.

1866இல் வெளியான நாவலில் அந்த மாணவன் ரஸ்கோல்னிகோவுக்கு எத்தனை காரணங்கள் என்று பாருங்கள். பசி. தாயின் கடிதம், தங்கை குடும்பத்துக்காகப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தி. மதுக்கடையில் ஒரு மாணவனும் அதிகாரியும் பேசுவது காதில் விழுகிறது: இந்தக் கிழவியைக் கொன்று அந்தப் பணத்தால் ஆயிரம் நல்லது செய்யலாமே, அவன் மனத்தில் இருந்ததையே இன்னொருவர் வாய் சொல்கிறது. பிறகு, வெகு தூரம் போன பின்னால், அவன் எழுதிய கட்டுரை வெளியே வருகிறது: அசாதாரண மனிதர்களுக்குச் சட்டத்தைத் தாண்ட உரிமை உண்டு என்னும் நெப்போலியன் சித்தாந்தம். ஐந்தாம் பாகத்தில் சோனியா என்ற பெண்ணிடம் ஒப்புக்கொள்ளும்போது இவை ஒவ்வொன்றையும் அவனே எடுத்து வைக்கிறான், அவனே தட்டிவிடுகிறான். தாய்க்காகச் செய்யவில்லை என்கிறான். நெப்போலியன் ஆகப் பார்த்தேன் என்கிறான். அதுவும் இல்லை என்கிறான். தனக்காக, தான் ஒரு புழுவா மனிதனா என்று பார்ப்பதற்காகக் கொன்றேன் என்று வந்து நிற்கிறான்.

பேச்சை விட்டுவிட்டுச் செயலைப் பார்த்தால் கதை இன்னும் விசித்திரம். கிழவியின் பணப்பையை அவன் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு முற்றத்தில் பெரிய கல்லைப் புரட்டி அடியில் வைத்துவிட்டுப் போகிறான். பணத்துக்காகக் கொன்றவன் செய்யும் காரியமா இது? கோடரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரியின் சமையலறையிலிருந்து எடுப்பதாகத் திட்டம். போனால் வேலைக்காரி நஸ்தாஸ்யா அங்கே இருக்கிறாள். திட்டம் அங்கேயே முறிந்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்தால் காவற்காரனின் அறையில், பெஞ்சுக்கு அடியில், வேறொரு கோடரி மின்னுகிறது. சித்தாந்தம் அவனை வாசல்வரைதான் கொண்டுவந்தது. அதற்கு மேல் கொண்டுபோனது தற்செயல். இதற்கெல்லாம் முன்னால் தஸ்தாயெவ்ஸ்கி ஒரு கனவை வைக்கிறார். குடிகாரக் கூட்டம் வயதான குதிரையை அடித்தே கொல்கிறது, சிறுவனாக இருக்கும் ரஸ்கோல்னிகோவ் அதன் முகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். விழித்ததும் இந்த எண்ணத்தையே விட்டொழித்தேன் என்று நினைக்கிறான். கொலைக்கு எதிரான அவனுடைய பகுதி முழுவதும் அந்தக் கனவில் இருக்கிறது. கோடரி எதை மிதித்துக்கொண்டு போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பின்னுரையில் நீதிமன்றம் வருகிறது. வறுமை, தற்காலிக மனக்கோளாறு, களவாடியதைப் பயன்படுத்தவில்லை என்ற சலுகை எல்லாம் சேர்த்து எட்டு ஆண்டு தண்டனை. நீதிமன்றத்துக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஐந்நூறு பக்கம் அவனோடு இருந்த வாசகருக்கு விளங்கியபாடில்லை, ஆனால் அவனை நம்பாமலும் இருக்க முடியவில்லை. தஸ்தாயெவ்ஸ்கி வேண்டுமென்றே கிண்டலாக வைத்த காட்சி அது என்றே நினைக்கிறேன்.

மனிதர்கள் தம் காரணத்தைத் தாமே அறிவார்களா என்ற கேள்வியை உளவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமொத்தி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகள். நான்கும் ஒரே மாதிரி. எது தரமானது என்று கேட்டால், இடக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைவிட வலக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள் மூன்று மடங்குக்கும் மேல். ஏன் என்று கேட்டதற்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோதும் பெரும்பாலோர் மறுத்தார்கள். காலுறைக்கே இப்படியென்றால், இருபது ஆண்டு தாம்பத்தியத்தை விட்டுப் போகும் ஒரு பெண் தன் காரணத்தை மூன்று பத்தியில் பிசிறில்லாமல் விளக்கும்போது வாசகர் கொட்டாவி விடுவதில் தவறில்லை. பாத்திரம் தன் காரணத்தைத் தானே சொல்லலாம். அந்தப் பேச்சும் அதன் இன்னொரு செயல்தான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எழுதும் மேசையில் இது எப்படி வேலை செய்யும்? ஒரு கிராம நிர்வாக அலுவலர் முதல் தடவையாக லஞ்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணம் கேட்டால் உடனே கைக்கு வருவது மகளின் கல்லூரிக் கட்டணம். கட்டணத்துக்குக் கடைசி நாள், மனைவியின் கண்ணீர், பட்டா மாறுதலுக்கு வந்தவர் நீட்டும் கவர். கணக்கு சரியாக இருக்கிறது, அதனாலேயே காட்சி செத்துக்கிடக்கிறது. இப்போது அவரிடம் தோற்க வேண்டியது எது என்று தேடுவோம். 'கை சுத்தமான ஆள்' என்ற பெயர். டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் தன் டீக்குத் தானே காசு கொடுப்பவர். அன்றைக்கு நிலத் தரகர் ஒருவர் எழுந்து போகும்போது, "மாஸ்டர், சார் டீயையும் என் கணக்குல எழுதிக்கோ" என்கிறார். வழக்கமாக அந்த இடத்தில் இவர் கை சட்டைப் பைக்குப் போகும். இன்று போகவில்லை. கவர் அடுத்த வாரம் வரட்டும், பரவாயில்லை. வாசகருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கட்டணத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு ஒரு வரியில் சொன்னால் போதும். சொல்லாமலே விட்டாலும் விடலாம்.

தமிழில் இந்தப் பாடத்தை ஜெயகாந்தன் இரண்டு முறை எழுதிக் காட்டியிருக்கிறார், அதுவும் ஒரே பாத்திரத்தை வைத்து. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒரு பெரிய காரில் ஏறுகிறாள். சிதைந்து வீடு திரும்புகிறாள். ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் விதவைத் தாய் கேட்டதும் அலறுகிறாள். அலறல் அக்கம்பக்கத்தை எட்டியதும் சட்டென்று அதை விழுங்கிக்கொள்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தண்ணீருக்காகத் தமிழ்நாடே சண்டைபோட்டது. இப்படி ஒரு தாய் செய்வாளா என்பதுதான் சண்டையின் மையம். ஒழுக்கத்தின் பெயரால் நடந்தாலும் அடிப்படையில் அது பாத்திரத்தின் காரணம் பற்றிய விமரிசனம். எனக்கு அந்தத் தாயை நம்ப முடிகிறது, ஏனென்றால் முதலில் அவள் அலறினாள். தண்ணீரை எடுத்த கை அந்த அலறலைத் தாண்டி வந்த கை.

பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவர் அந்த ஒரு கணத்தை மாற்றினார். அதே வீடு, அதே மழை, அதே அம்மா. ஆனால் அலறல் அடங்கவில்லை. ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கும் வெங்கு மாமா அந்தப் பெண் கங்காவை அழைத்துப்போய்ப் படிக்கவைக்கிறார். அவருக்கும் அவள்மேல் ஒரு கண் உண்டு. பல ஆண்டு கழித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்கா அந்தக் கார்க்காரனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஏன்? பழிவாங்கவா, காதலா, நியாயம் கேட்கவா? எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. அவளைக் கிளப்பிவிட்டது மாமாவின் ஒரு குத்தல்: சாமர்த்தியம் இருந்தால் அவனையே தேடிப் பிடிக்கட்டுமே என்ற தோரணைப் பேச்சு. வக்கீலின் வாதத்தை அவள் சவாலாக எடுத்துக்கொள்கிறாள். அவள் படித்த படிப்பு, அவர்மேல் அவளுக்குள்ள அருவருப்பு, அவருக்கே பட்டிருக்கும் நன்றிக்கடன் எல்லாம் அந்த ஒரு சவாலுக்குள் வந்துவிடுகின்றன.

இதற்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டார் ஜெயகாந்தன். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் வருகிறார்; அவர் எழுதியதாக 'அக்கினிப் பிரவேசம்' கதை பத்திரிகையில் வருகிறது; கங்கா அதைப் படிக்கிறாள். தண்ணீர் ஊற்றிய அம்மாவைக் கதையில் பார்க்கிறாள், அலறிய அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள். இரண்டும் ஒரே பெண்ணின் சாத்தியங்கள். இரண்டில் எது இயல்பு என்று விமரிசகர்கள் கேட்ட கேள்விக்கு, இரண்டும்தான் என்று இதைவிட அழுத்தமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. 1972க்கான சாகித்ய அகாதெமி பரிசு இந்த நாவலுக்குக் கிடைத்தது.

தி. ஜானகிராமனை இங்கே விரிவாகச் சொல்ல எனக்கு ஆசைதான், ஒன்றோடு நிறுத்துகிறேன். 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரம் சிவசுவிடம் ஏன் போனாள் என்று ஜானகிராமன் எங்கேயும் விளக்குவதில்லை. கணவர் தண்டபாணி தெரிந்தும் ஏன் வாய் திறப்பதில்லை என்பதும் அப்படியே. ஆனால் அந்த உறவின் விலையை மட்டும் துல்லியமாகக் காட்டுகிறார்: தன் பாவம் கரைவதற்காக அப்பு என்ற பிள்ளையைக் காவிரிக்கரை வேதபாடசாலைக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் போனதற்கான காரணம் தெரியவில்லை. போகாமல் இருப்பதற்கான காரணம் எவ்வளவு பெரியது என்பது அப்புவின் பதினாறு ஆண்டு அத்தியயனத்தில் தெரிகிறது. வெல்லப்பட்டதன் அளவைக் கொண்டு வென்றதன் அளவை நாமே கணக்கிட்டுக்கொள்கிறோம். மறைத்தும் மங்காமல் எழுத ஒரு வழி இது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வேறு மாதிரி. காரணத்தைத் துளித்துளியாக ஊர் முழுவதும் சிதறிவைத்திருக்கிறார் அவர். பொன்னாவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டு, பிள்ளையில்லை. சினைபிடிக்காத மாட்டைப் பற்றி மாட்டுத் தரகர் பேசும் பேச்சில் குத்து இருக்கிறது, விசேஷ வீட்டில் ஒதுக்கும் பார்வையில் இருக்கிறது, வேண்டுதல்களின் நீண்ட பட்டியலில் இருக்கிறது. பிள்ளையில்லாத பெண்கள் அந்நியரோடு கூடலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்நோம்பி இரவுக்கு அவளை அனுப்ப எந்த ஒன்றும் தனியாகப் போதாது. அவளைத் தடுத்து நிற்பதோ ஒன்றே ஒன்று, மிகப் பெரியது: கணவன் காளிமேல் அவளுக்குள்ள பிரியம். அதை மீறி அவள் போவாள் என்றால் நம்ப முடியாது. எனவே அவளை மீறவே விடவில்லை ஆசிரியர். காளி சம்மதித்துவிட்டான் என்று அண்ணன் முத்து பொய் சொல்கிறான். அந்தப் பொய்யை நம்பி, காளிக்காகவும்தான் என்று எண்ணி அவள் போகிறாள். தடையாக நின்ற பிரியமே போவதற்கும் காரணமாகிவிடுகிறது. நாவலைச் சுற்றிப் பின்னால் எழுந்த சர்ச்சையில் இந்த நுட்பத்தைப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நாவலின் முடிவில், பொன்னா போய்விட்டதை அறிந்து உடைந்த காளி பூவரச மரத்தடியில் நிற்கிறான். அங்கிருந்து பெருமாள்முருகன் இரண்டு நாவல்கள் எழுதினார். 'ஆலவாயன்' காளி இறந்துவிட்டதாக வைத்துப் போகிறது. 'அர்த்தநாரி' அவன் பிழைத்துவிட்டதாக வைத்துப் போகிறது. ஒன்றில் பொன்னா கணவன் இல்லாமல் ஊரை எதிர்கொள்கிறாள். மற்றதில் முகம் கொடுத்துப் பேசாத கணவனை. காளியை மரத்தடிக்குக் கொண்டுவந்த காரணம் இரண்டிலும் எள்ளளவும் மாறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தாலும் எது செயற்கை என்று கைகாட்ட முடியவில்லை. காரணத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் முடிவு தானாக வந்து விழும் என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. இந்த மூன்று நாவல்களையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. காளி என்ன செய்வான் என்பதை எழுதும் மேசைக்கு வந்த பிறகும் ஆசிரியரால் ஒன்றாகக் குறுக்க முடியவில்லை, குறுக்கவும் அவர் முயலவில்லை.